பாதி மணலில் திரும்பியவர்

எங்கள் எசமான் லாக்லன் பிரபு எந்தப் பக்கம் என்று அவர் வீட்டு நாய்க்குக்கூடத் தெரியாது என்பாள் சமையற்காரி மரியோட்டா. அவள் சொன்னதில் தப்பில்லை. மகன் அலனை ஆங்கிலேயர்கள் பிணையாகக் கொண்டுபோய்த் தெற்கே ஒரு கோட்டையில் வைத்திருந்தார்கள். தம்பி தூகல், ஸ்காட்லாந்துப் படையோடு மலைகளில் திரிந்தார். எசமானோ ஆங்கிலேய ராஜாவுக்கு மண்டியிட்டுச் சத்தியம் செய்துவிட்டு, இறைச்சித் தட்டை வெறித்தபடி உட்கார்ந்திருப்பார்.

நான் அவருடைய குதிரைக்காரன், கோர்மக்.

அந்த இலையுதிர் காலத்தில் தூகலின் ஆட்கள் கழிமுகத்துக்கு அக்கரையில் கூடாரம் அடித்தார்கள். கரையைச் சுற்றிப் போனால் ஒரு நாள் பயணம். கடல் வற்றும்போது மணல்வெளியில் குறுக்கே இறங்கினால் உச்சிப்பொழுதுக்குள் போய்விடலாம். ஆனால் புதைமணல் எங்கே, கெட்டிமணல் எங்கே என்று தெரிந்தவர் முன்னே போக வேண்டும். எசமான் சின்ன வயதிலிருந்தே அங்கே குதிரை ஓட்டியவர்.

எங்கள் கோட்டையில் தங்கியிருந்த ஆங்கிலேயத் தளபதி ஹம்ஃப்ரிக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. மீசை சரியாக முளைக்காத பையன்; கெட்டவன் இல்லை.

"நாளைக்குக் காலையில எங்களை அக்கரை சேர்த்துடுங்க, பிரபு. உங்க மகனை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி நானே ராஜாகிட்ட பேசுறேன்."

"சரி," என்றார் எசமான். அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததிலிருந்து அவர் செய்தது ஒன்றும் எனக்குப் புரியவில்லை. தண்ணீர் வற்றிக் கிடந்தது. கிளம்ப அதுதான் நேரம். அவரோ ஓட்ஸ் கஞ்சி ஆறிவிட்டது என்று திருப்பி அனுப்பினார். பிறகு குதிரைக்கு லாடம் ஆடுகிறது என்றார். குனிந்து பார்த்தேன்.

"ஆடலையே, எசமான்."

"ஆடுதுன்னா ஆடுது. மாத்துடா."

மரியோட்டா என் காதருகே வந்தாள். "பொண்ணு பார்க்கப் போறவன்கூட இவ்வளவு நேரம் சிங்காரிக்க மாட்டானே! என்னய்யா ஆச்சு இந்த மனுஷனுக்கு?"

கோட்டை வாசலில் எசமான் என்னைப் பார்த்து, "நீ வர வேண்டாம்," என்றார். ஏன் என்று சொல்லவில்லை. அதைக் கேட்டபின் வீட்டில் இருப்பது எப்படி? ஒரு கோவேறு கழுதையில் ஏறிக் கடைசியில் ஒட்டிக்கொண்டேன்.

நூறு குதிரைகளுக்கு மேல் மணலில் இறங்கின. எசமான் முன்னே. அவருக்கு அடுத்து ஹம்ஃப்ரி, தன் ஊர்ப் பாட்டு ஒன்றை உரக்கப் பாடிக்கொண்டே போனான். கரை பின்னால் சுருங்கியது. பாதி தூரத்தில் எசமான் குதிரையை நிறுத்தினார். நான் கழுதையைத் தட்டி வரிசையைத் தாண்டி அவர் பக்கத்தில் போனேன். தூரத்தில் ஒரு இரைச்சல், ஆட்டு மந்தை ஓடிவருவதுபோல.

"என்ன பிரபு, வழி மறந்துபோச்சா?" என்று ஹம்ஃப்ரி சிரித்தான்.

எசமான் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு குதிரையைத் திருப்பிக் கத்தினார்: "கடல் வருது! திரும்புங்க! எல்லாரும் திரும்புங்க!"

அந்த ஓட்டத்தை என்ன சொல்ல! வாய்க்கால்கள் பக்கவாட்டில் நிரம்பி எங்களுக்கு முன்னே ஓடின. ஹம்ஃப்ரியின் குதிரை புதைந்தது. எசமான் திரும்பிப் போய், மார்பளவு தண்ணீரில் அவனைக் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்துவந்தார். அவர்கள் இருவரின் குதிரைகளும் போயின. மனிதர்கள் எல்லோரும் கரையேறினோம். அக்கரையில் எங்களைப் பார்த்துவிட்ட தூகலின் ஆட்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு மலையேறிவிட்டார்கள்.

ஹம்ஃப்ரி வெகுநேரம் இருமினான். பிறகு எசமானைப் பார்த்து, "கடல் ஏமாத்திடுச்சுன்னு ராஜாகிட்ட சொல்லிடறேன்," என்றான். வேறெதுவும் கேட்கவில்லை. சொன்ன வாக்கையும் காப்பாற்றினான். பனி உருகியதும் அலன் வீடு வந்து சேர்ந்தான்.

அடுத்த வருடம் காற்று மாறியது. ஆங்கிலேயர் போனார்கள், எங்கள் ஸ்காட்லாந்து ராஜாவின் ஆட்கள் வந்தார்கள். எதிரிக்குச் சத்தியம் செய்தவர் என்று எசமானின் கோட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஒரு மேட்டுநிலப் பண்ணையை விட்டுவைத்தார்கள். அங்கேதான் தூகல் ஒரு மத்தியானம் வந்தார். நான் அவர் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன்.

"அண்ணே, ஒண்ணு கேட்கிறேன். அவங்களை முழுகடிக்கத்தானே கூட்டிட்டுப் போன?"

"ஆமா."

"அலன் அவங்க கையில இருக்கும்போதா?"

"நானும் அவங்களோட முழுகியிருப்பேன். அப்போ கடல்மேலதான் பழி, பையன்மேல இல்ல. அப்படித்தான் கணக்குப் போட்டேன்."

"அப்புறம் ஏன் திரும்பின?"

"பின்னாடி பாடிக்கிட்டு வந்தான்டா, அந்தப் பொடியன். என்னை நம்பி."

"அவங்க முழுகியிருந்தா நம்ம ராஜா கோட்டையை நம்ம வீட்டுக்கே விட்டிருப்பாரு. அதுக்காக ஒரு கோட்டையவா விட்ட?" தூகலுக்குக் கோபமா சிரிப்பா தெரியவில்லை. "பைத்தியக்காரன்டா நீ."

"பெரியவனை 'டா' போடாதே," என்றார் எசமான்.

தூகல் அன்று போகவில்லை. அலனோடு சேர்ந்து சாயங்காலம்வரை கல்வேலியைச் சரிசெய்தார்.