படர்தாமரை டாக்டர்

ஜொகூரின் தெப்ராவ் வட்டாரத் தோட்டங்களில் ஐயாசாமிக்கு இரண்டு பெயர் இருந்தது. நேரில் டாக்டரய்யா. அவருடைய சைக்கிள் ரப்பர் மரங்களுக்கு நடுவே மறைந்த பிறகு படர்தாமரை டாக்டர். இரண்டாவது பெயர் அவர் காதிலும் விழுந்ததுதான். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

சிங்கப்பூரில் அவரோடு மருத்துவம் படித்துத் தேறியவர்கள் மலேரியாவையும் பெரிபெரியையும் பிடித்துக்கொண்டார்கள். ஆளைக் கொல்லும் நோய்கள் அவை. ஆராய்ந்தவனுக்குப் பெயரும் பதவியும் தேடி வரும். தோலில் படரும் பூஞ்சணம் யாரையும் கொல்வதில்லை. வந்தவரை உயிரோடு ஒதுக்கிவைப்பதோடு நின்றுவிடும். ஜொகூர்க் காடுகளை ஒட்டிய இடங்களில் அதில் ஒரு முரட்டு வகை இருந்தது. வளையத்துக்குள் வளையமாக, செதிலுக்கு மேல் செதிலாக, ஓடு வேய்ந்த கூரை மாதிரி கழுத்திலிருந்து கணுக்கால் வரை பரவும். மலாய்க்காரர்கள் குராப் என்றார்கள், நம்மவர்கள் படர்தாமரை என்றார்கள். ஐயாசாமி அதைத்தான் எடுத்துக்கொண்டார்.

மூன்று தோட்டங்கள் சேர்ந்து நடத்திய ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. பகலெல்லாம் காய்ச்சல்காரர்களைப் பார்ப்பார். மிச்ச நேரத்துக்கு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் முன்பு ரப்பர் ஷீட்டு அடுக்கிவைத்திருந்த அறையைத் துரையிடம் கேட்டு வாங்கியிருந்தார். புகை வாசனை சுவரை விட்டுப் போகாத அந்த அறையில் ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்பிரிட் விளக்கு, பூஞ்சணம் வளர்க்கும் கண்ணாடிக் குழாய்கள். புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெசர் காளியப்பன் நல்ல மனிதர்தான். ஆனால் வாசற்படியைத் தாண்டமாட்டார். கொண்டுவந்ததைப் படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார்.

நோயாளியின் செதிலிலிருந்து குழாயில் ஒன்றை வளர்த்தெடுக்கவே ஐயாசாமிக்கு ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. மடிப்பு மடிப்பாக, வெளுத்த பட்டாணி நிறத்தில் அது வளர்ந்தது. ஆனால் வளர்ந்தது அந்த நோயின் வித்துத்தானா, காற்றில் வந்து விழுந்த வேறு ஏதாவதா? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. நோயில்லாத ஒரு தோலில் அதை வைத்து, அதே வளையம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கங்காணியிடம் சொன்னால் ஆள் பிடித்துத் தருவார் என்றார் காளியப்பன். ஐயாசாமி வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தன் இடது முன்கையை ஊசியால் கீறி அதில் தடவிக்கொண்டார்.

வளையம் வந்தது. முதலில் ஒரு புள்ளி, பிறகு அதைச் சுற்றி ஒரு கோடு, அதைச் சுற்றி இன்னொன்று. பிள்ளைக்குப் பல் முளைப்பதைப் பார்க்கிற தகப்பன் மாதிரி தினமும் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைக் கையை மட்டும் வீட்டில் மடித்துவிடாமல் இருந்தார். மனைவி சந்திரமதியிடம் சொல்ல வேண்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தார். ஒரு நாள் மழையில் நனைந்து வந்து சட்டையைக் கழற்றியவர், தொட்டிலில் குழந்தை அழவும் மறதியாகத் தூக்கிவிட்டார். சமையலறையிலிருந்து வந்த சந்திரமதி அந்தக் கையைப் பார்த்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டினாள். அந்த வார முடிவில் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் சிராங்கூனில் இருந்த தன் அப்பா வீட்டுக்குப் போனாள். பத்து நாளில் வந்துவிடுவதாகத்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அவர் சாப்பாட்டை ஆஸ்பத்திரிச் சமையல்காரர் ஒரு தூக்குச்சட்டியில் போட்டுப் படியில் வைத்துவிடுவார். கிளப்பில், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிமார் சீட்டாடும் மேசையில் அவர் உட்கார்ந்தால், நாசூக்காக ஒருவர் எழுவார், இன்னொருவருக்கு வேலை ஞாபகம் வரும். அவர் போவதை நிறுத்திக்கொண்டார்.

வெள்ளையம்மா அவரிடம் வந்தது அந்தக் காலத்தில்தான். வந்தாள் என்று சொல்வதைவிட, அவர் போய்க் கண்டுபிடித்தார் என்று சொல்ல வேண்டும். கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் கடைசியில், ஆடு கட்டியிருந்த ஒரு கொட்டகையில் அவள் இருந்தாள். அண்ணனோடு சேலத்துப் பக்கமிருந்து கப்பலேறி வந்தவள். வந்த இரண்டாம் வருஷம் உடம்பில் பிடித்தது. அண்ணிக்காரி பாயைத் தனியாகப் போட்டாள், பிறகு வாசலில் போட்டாள், பிறகு கொட்டகைக்கு அனுப்பினாள். பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. ரப்பர் பாலெடுக்க மரம் வெட்ட அவளைச் சேர்க்காமல், யாரும் இல்லாத மேட்டில் புல் வெட்ட விட்டிருந்தார்கள். வயது இருபத்தைந்து இருக்கும். அவள் நடந்தால் செதில் உதிரும்.

ஐயாசாமி அவள் தோளில் கைவைத்துச் செதிலைச் சுரண்டியபோது அவள் உடம்பு நடுங்கியது. வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். யாரும் தொட்டு வருஷக்கணக்காகிறது என்று சொன்னாள்.

அவளுடைய வலது பாதிக்கு ஒரு மருந்தும் இடது பாதிக்கு இன்னொன்றும் போட்டார். வலது பக்கம், கோவாத் தூள் என்ற மரத்தூளிலிருந்து எடுத்த மஞ்சள் மருந்தைக் குழைத்த களிம்பு; தோலை எரிக்கும், துணியில் பட்டால் பழுப்புக் கறையாகிப் போகவே போகாது. இடது பக்கம், எரிச்சல் குறைந்த வேறொரு களிம்பு. வலது பக்கம் சீக்கிரம் தெளிந்தது. ஒரு பாதி மினுமினுவென்று, மறு பாதி செதிலோடு கொஞ்ச காலம் நடமாடினாள். பாதி வெள்ளையம்மாவுக்குத்தான் கல்யாணம் பண்ணலாம் போலிருக்கிறது என்று அவளே சொல்லிச் சிரித்தாள். அந்த அறையில் வேறொருவர் சிரித்து அவர் முதல் தடவையாகக் கேட்டது அன்றுதான்.

ஒரு நாள் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் களிம்பு குழைத்தபோது அவள் அந்த வளையத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஐயாவுக்கு என்கிட்டருந்து ஒட்டிக்கிச்சா?"

இல்லை, நானே வைத்துக்கொண்டேன் என்று அவர் விளக்கினார்.

"எனக்கு வந்தப்ப, எப்படி இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல. உங்கள நான் கேக்குறேன். அரிக்குதாய்யா?"

"அரிக்குதும்மா," என்றார்.

இரண்டு பாதியும் தெளிந்த சமயத்தில் நோய் முழுவதும் திரும்ப வந்தது. முதலில் முழங்கைக்குள், பிறகு முதுகெங்கும். வெள்ளையம்மா கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. ஐயாசாமி அறையில் உட்கார்ந்து, தெளிந்துவிட்டதாக அவர் நம்பிய இடங்களில் சுரண்டி எடுத்துவைத்திருந்த தோல்துகள்களைக் காரநீரில் ஊறவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த தோலுக்குள் நூல் நூலாகப் பூஞ்சணம் கிடந்தது. நோய் திரும்பி வரவில்லை, போகவே இல்லை. தோல் தெளிந்ததும் மருந்தை நிறுத்துவதுதான் தப்பு. தெளிந்த பிறகும் மாதக்கணக்கில் போட வேண்டும், பாயை எரிக்க வேண்டும், கட்டுகிற துணியை வாராவாரம் அவிக்க வேண்டும். இவ்வளவுதான் அவர் ஆயுளில் கண்டுபிடித்தது. கொட்டகைக்குப் போய் அவளிடம் அதைச் சொல்லி, இன்னொரு தடவை என்னை நம்பு என்று கேட்டார். அவள் எழுந்து வந்தாள்.

அடுத்த மழைக்காலம் முடியும்போது மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அவள் தோலில் ஒன்றும் இல்லை. அதே மருந்தைப் போட்டுக்கொண்ட அவர் கையிலும் இல்லை. காளியப்பன் முதல் தடவையாகப் படியேறி உள்ளே வந்து, அவளுடைய முதுகைத் தூர நின்றே பார்த்துவிட்டுப் போனார். எழுதி அனுப்பிய கட்டுரை ஒரு மருத்துவ வருஷாந்திர மலரின் கடைசியில் அச்சானது. அதைப் படித்தேன் என்று ஒருவரும் எழுதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயாசாமி சிராங்கூனுக்குப் போனார். சட்டைக் கையை வேண்டுமென்றே மடித்துவிட்டிருந்தார். சந்திரமதி ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காபி கொண்டுவந்து வைத்தாள். மகள் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள், கூப்பிட்டதற்கு வரவில்லை.

"நல்லா ஆயிடுச்சு," என்று அவர் கையைக் காட்டினார்.

"தெரியுது." அவள் கையைத்தான் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. "நோய் வந்திருந்தா நான் பக்கத்துல இருந்து பாத்திருப்பேங்க. நீங்க வர வச்சுக்கிட்டீங்க. வீட்டுல ஒரு கைப்பிள்ளை இருக்கே, பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேப்போம்னு தோணல உங்களுக்கு."

காபியைக் குடித்துவிட்டு வந்தார். அதன் பிறகும் மாதம் ஒரு தடவை போய் அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருவார்.

ரப்பர் விலை விழுந்த வருஷங்கள் வந்தன. தோட்டங்கள் ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பின. வெள்ளையம்மாவின் அண்ணன் குடும்பம் போனது, அவள் போகவில்லை. மெர்சிங் ரோடு போடும் இடத்தில் வேலை இருக்கிறதென்று ஒரு கூட்டத்தோடு கிளம்பிப் போனாள். போகும் முன் அறை வாசலில் வந்து நின்று கும்பிட்டாள். ஐயாசாமிக்கு என்னவோ சொல்ல வேண்டும் போலிருந்தது. துணியை அவிக்க மறக்காதே என்றுதான் சொன்னார். பிறகு அந்த அறையையும் தோட்டத்தார் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மைக்ராஸ்கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆளில்லாத தொட்டில் அறையில் வைத்தார்.

சில வருஷம் கழித்து, கிழக்குக் கடற்கரைக் கிராமங்களில் இந்த நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லி அவரை அனுப்பினார்கள். மெர்சிங்கில் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் மேசை போட்டு உட்கார்ந்தார். கம்பம் என்று சொல்லும் மீன்பிடிக் கிராமத்து ஆட்களுக்குப் பிறகு, ரோட்டு வேலைக் குடும்பங்கள் வரிசையில் வந்தன. ரோட்டு வேலையை மேற்பார்க்கும், தலைப்பாகை கட்டிய ஒரு மண்டோர் இரண்டு வயதுப் பெண்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் வந்தவள் வெள்ளையம்மா.

சதை போட்டிருந்தாள். காதில் தோடு மின்னியது. கழுத்து, கை எல்லாம் மழையில் கழுவிய இலை மாதிரி இருந்தது. அவரைக் கண்டதும் முகம் வெளிறிப் போயிற்று.

மண்டோர் பேச்சுக்காரர். "டாக்டரய்யா தெப்ராவ் பக்கமாமே? இவளும் அங்கதான் இருந்தா," என்றவர் மனைவி பக்கம் திரும்பினார். "ஐயாவத் தெரியுமா உனக்கு?"

"எனக்கு எங்க தெரியும்," என்றாள் அவள். பார்வை தரையில் இருந்தது.

மண்டோர் அவரைப் பார்த்தார். ஐயாசாமி குழந்தையின் சட்டையைத் தூக்கினார்.

"தோட்டம் பெருசுங்க. எல்லாரையும் பாத்திருக்க முடியுமா," என்றார்.

குழந்தையின் முதுகில் விரல்களை மெதுவாக ஓட்டினார். அக்குள், முழங்கை மடிப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் பார்த்தார். குழந்தை கூச்சத்தில் நெளிந்து சிரித்தது. தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தாரோ என்னவோ. ஒன்றும் இல்லை, தோல் சுத்தமாக இருக்கிறது என்று தகப்பனிடம் சொன்னார்.

"துணிமணியெல்லாம் வாராவாரம் அவிச்சிருவா. இதென்னடி பைத்தியம்னு கேட்டா சொல்லமாட்டா," என்று மண்டோர் பெருமையாகச் சொல்லிக்கொண்டே குழந்தையை வாங்கிக்கொண்டார். வெள்ளையம்மா ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. கும்பிட முடியாமல் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு புருஷனுக்குப் பின்னால் நடந்தாள். மீன் காயவைத்திருந்த பரண்களைத் தாண்டி மூவரும் மறைந்தார்கள்.

வரிசையில் அடுத்த ஆள் வந்து நின்று சட்டையைக் கழற்றினார். ஐயாசாமி அவரைப் பார்த்தார், அவருக்குப் பின்னால் வந்தவர்களையும் பார்த்தார். சாயங்காலம் காற்று எழும் முன் அடுத்துப் பார்க்க வேண்டிய தீவுக்குப் போகும் படகில் ஏறிக்கொண்டார். படகில் அவரைத் தவிர ஐந்தாறு மலாய்க்காரர்கள் இருந்தார்கள். குராப் பார்க்கிற டாக்டர் என்று யாரோ சொல்லிவிட்டிருக்க வேண்டும். அவர் பக்கத்துப் பலகையில் யாரும் உட்காரவில்லை. அவர் மருந்துப் பெட்டியை அந்தப் பலகையில் வைத்துவிட்டுக் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.