ரைட்டர் வண்டிக்குள்ள இருக்கறாரு

1

இந்தக் கதை நாகலூர் பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சசிரேகா எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிப்பவள். மடியில் காலி அட்டைப்பெட்டி. பூனைக்குப் படுக்கை என்றாள். மீதியை இறங்கும்வரை சொன்னாள்.

2

மூடுபனி மலையை மெல்ல விழுங்கிய ஒரு

(அடித்துவிட்டேன். பழம் பறிக்கிறவளுக்குப் பனி என்றால் விரல் விறைப்பது.)

சசிரேகாவின் பூனைக்கு ரைட்டர் என்று பெயர். ஆட்கள் பறிக்கும்போது வாலைத் தூக்கிக்கொண்டு நடுவே நடக்கும். ஒரு வேலையும் செய்யாது. அவள் அதை மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். ஆட்களை மேய்த்து வேலைக்கணக்கு எழுதும் நிஜ எஸ்டேட் ரைட்டர் பாலகுமாருக்கு மட்டும் இந்தப் பெயர் தெரியாது.

மார்கழியில் ஒரு காலை பூனையைக் காணோம். அடுப்படியில் இல்லை, சாக்கின்மேல் இல்லை. வீட்டு வாசலில், டவுனுக்குப் போய்வந்த சூடு ஆறாமல் எஸ்டேட் ஜீப் நின்றிருந்தது. பாலகுமார் மறுபடி ஏறி உட்கார்ந்துவிட்டார். ஈரமண்ணில் சின்னக் கால்தடங்கள் ஜீப்புக்கு அடியில் போயிருந்தன, திரும்பி வரவில்லை. டிரைவர் லாசரின் கை சாவிக்குப் போனது. சசிரேகா ஓடிப்போய் பானெட்டை அறைந்தாள்.

"எடுக்காதீங்கண்ணா, ரைட்டரு உள்ள இருக்கறாரு!"

லாசர் திரும்பிப் பார்த்தார். "ஆமா, இங்கதான இருக்கறன்" என்றார் பாலகுமார்.

3

(இங்கே பூனையைச் சாகடிக்க நினைத்தேன், கதை கனமாகுமே என்ற ஆசை. பஸ்ஸிலேயே சசிரேகாவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஏனுங்க, உங்க ஊட்டுல பூனை இல்லீங்களா?" என்றாள். இல்லை. அதனால் நடந்ததையே எழுதுகிறேன்.)

பானெட்டைத் திறந்தார்கள். விசிறிக்குப் பக்கத்தில், கதகதப்பில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பியிருந்தால்

வேண்டாம், இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.

அதைத் தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். அது கொட்டாவி விட்டது. "ரைட்டரு, ஏஞ்சாமி" என்று கொஞ்சிய பிறகுதான் யார் முன்னால் நிற்கிறோம் என்பது உறைத்தது.

எதற்கு இந்தப் பெயர் என்று பாலகுமார் கேட்டார்.

"நொம்ப நல்லா மேற்பார்வை பாக்குமுங்க" என்றாள் சசிரேகா.

முதலில் சிரித்தவர் பாலகுமார்தான். மறுநாள் ஒரு பழைய ஸ்வெட்டரும் கொடுத்தனுப்பினார், பூனைக்கு விரிக்க. அதற்குத்தான் மடியில் இந்தப் பெட்டி.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் பூனை பெட்டியில் தூங்குகிறது. இன்னொன்றில் பெட்டியைச் சீண்டாமல் பாலகுமாரின் நாற்காலியில் தூங்குகிறது. இரண்டையும் கிழித்துவிட்டேன். நாளைக் காலை லாசர் பானெட்டைத் தட்டிவிட்டுக் காது கொடுப்பார். என்ன கேட்கும் என்று எனக்கெப்படித் தெரியும்? உங்கள் ஊரிலும் பனி இறங்கியிருந்தால், வண்டி எடுக்கும் முன் நீங்களும் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். கதையின் மீதி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கலாம்.