சொர்ணத்தின் ஏக்கத்தில் எரிந்த பதினோரு தெருக்கள்

சொர்ணத்தின் ஏக்கத்தில்தான் பதினோரு தெருக்களுக்கு விளக்கு எரிந்தது. இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது? சில ஊரில் காற்றில் எரிகிறது, சில ஊரில் வெயிலில் எரிகிறது.

ஊர் மின்சங்கம் லாபம் பார்க்காத சங்கம். ரோடு போடுவதுபோல, குழாய் போடுவதுபோல, பொதுச் செலவில் மின்சாரம் எடுக்கும். எங்கே கரண்டு வீணாகிறது என்று வீடு வீடாக வந்து சோதிக்கும். அப்படி வந்த ஜெயசிங்தான் கண்டுபிடித்தார். எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் சொர்ணத்தின் வீட்டு மீட்டர் ஓடியது. அதுவும் பின்பக்கமாக.

"யாரையாவது எதிர்பாக்கீங்களா?"

"வீட்டுக்காரரை. கப்பலுக்குப் போயி ஏழு வருசம்."

"குறையுதா?"

"எது?"

"எதிர்பாக்கது."

"காலைல எந்திரிச்சா புதுசா இருக்கு சார்."

புதுப்பிக்கத்தக்கது என்று ஜெயசிங் எழுதிக்கொண்டார்.

வாசலில் கம்பம் நட்டு, கம்பி இழுத்தார்கள். பிரசவ ஆஸ்பத்திரிக்கு என்றதும் அவள் கையெழுத்துப் போட்டாள். படிவத்தை முழுசாகப் படித்திருக்கலாம், மகராசி!

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் வீட்டுக்காரன் ஆவுடையப்பன் வந்துவிட்டான். தோளில் பை, தலையில் பாதி நரை. சொர்ணத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது. வாசல் கேட்டுக்கு ஓடினாள். அங்கே ஜெயசிங் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அவரை உள்ள விட முடியாதும்மா."

"எங்க வீடு சார்."

"மின் நிலையம்மா. பொதுச்சொத்து. ரோட்டைச் சுருட்டி வீட்டுக்குள்ள வச்சுக்குவீங்களா?"

சங்கம் ஒன்றும் கல்நெஞ்சு இல்லை. எதிர்வீட்டை அவனுக்கு வாடகையில்லாமல் கொடுத்தது. அவன் ஜன்னலில் நின்றால் இவளுக்கு முகம் தெரியும். மீட்டர் பிய்த்துக்கொண்டு ஓடியது. இன்னும் நான்கு தெருக்களுக்கு இணைப்புக் கொடுத்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் ஜெயசிங் சாப்பிடப் போயிருந்தார். ஆவுடையப்பன் தெருவைத் தாண்டி வந்து கேட்டுக்குள் ஒரு காலை வைத்தான்.

பதினைந்து தெருக்களிலும் மின்விசிறிகள் ஓய்ந்தன. ஆஸ்பத்திரியில் பிறந்துகொண்டிருந்த ஒரு குழந்தை அப்படியே பாதியில் நின்றது. "ஐயோ, கரண்டு!" என்று அங்கிருந்து ஒரு பெண் அலறியது இருவருக்கும் கேட்டது.

சொர்ணம் அவன் காலையே பார்த்தாள். குனிந்து அதைத் தொட்டுவிட வேண்டும்போல் இருந்தது. ஏழு வருஷம்!

அவன் காலை வெளியே எடுத்துக்கொண்டான்.

"சாப்ட்டியா?" என்று அங்கே நின்றபடியே கேட்டான்.

அவள் அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தாள்.

"இல்லங்க. நீங்க வந்ததும் சேந்து சாப்பிடலாம்னு இருக்கேன்."

ஆஸ்பத்திரிப் பக்கம் குழந்தை வீறிட்டு அழுதது.