ஜும்ஆ நேரத்து மெயின் சுவிட்ச்

கம்பளையில் பஹீம் ஹாஜியாருக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அங்கே இருந்த ஒரு பெட்டிக்குள்தான், பிள்ளைகளே, ஊரில் பாதிப் பேரின் கண் இருந்தது. யாருக்கு எந்த அளவுக் கண்ணாடி, யாருக்குப் புரை விழத் தொடங்கியிருக்கிறது, எல்லாம் அந்தப் பெட்டியில், அதாவது கடையின் சேர்வர் கொம்பியூட்டரில். அதைப் பார்த்துக்கொள்வது சித்தி றலியா என்ற பெண்ணின் பொறுப்பு.

பிலிமத்தலாவையில் சொந்தமாகக் கம்பனி தொடங்கியவள் அவள். கடைகளின் கொம்பியூட்டர்களை மாதக் கட்டணத்துக்குப் பராமரிப்பாள். பழுதான பிறகு ஓடி வருவதல்ல, பழுதாகாமல் பார்ப்பதுதான் அவள் கொடுத்த வாக்கு. கூட வேலை செய்தவன் திலீபன். ஹாஜியார்தான் முதல் வாடிக்கையாளர். அவர் சொல்லித்தான் அந்தத் தெருவில் மற்றக் கடைகளும் வந்தன.

அந்த வெள்ளிக்கிழமை காலை சேர்வரின் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டது. இருவரும் ஓடி வந்தார்கள். திலீபன் காதை வைத்துக் கேட்டான்.

"அக்கா, இது ஒருதரம் நின்னா திரும்ப எழும்பாது."

"பயப்பட வாணாம் ஹாஜியார். பேக்அப் ஈக்குது" என்றாள் றலியா. பிரதிகள் இருக்கும் டிஸ்க்கைத் திறந்தாள். வேலையைப் பொறுப்பெடுத்த அன்று எடுத்த ஒரு பிரதி இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

"வெள்ளிக்கிழமைன்னா ஃபெயில்னு மெசேஜ் வரும்க்கா. கரண்ட் போயிருக்கும்னு நெனச்சேன்" என்று முணுமுணுத்தான் திலீபன்.

வாராவாரம் பிரதி தானாக எடுபட, கடை பூட்டிக் கிடக்கும் நேரம் நல்லது என்று வெள்ளி நடுப்பகல் ஜும்ஆத் தொழுகை வேளையைக் குறித்தவள் அவள்தான். கதவோரத்து மெயின் சுவிட்சைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. பக்கத்துக் கடை வயர் எரிந்ததிலிருந்து, மெயினை நிறுத்தாமல் ஹாஜியார் பள்ளிவாசலுக்குப் போவதில்லை. அவள் வாப்பாவின் கடையிலும் அதே வழக்கம். தெரிந்தும் யோசிக்கவில்லை.

பிரதி எடுக்கத் தொடங்கினார்கள். திரையில் பச்சைக் கோடு நத்தையாய் ஊர்ந்தது. பாதிகூட வரவில்லை, ஹாஜியார் தொப்பியைப் போட்டு, அத்தர் தடவி, மெயினில் கை வைத்தார்.

"ஹாஜியார், அதத் தொடாதீங்க."

"ஏன் மகள்? பேக்அப் ஈக்கின்னு சென்னீங்களே."

"அப்டேட் ஓடுதுன்னு சொல்லிடுங்கக்கா" என்று திலீபன் காதருகே சொன்னான். சொன்னால் அவர் நம்பியிருப்பார்.

"பேக்அப் இல்ல, ஹாஜியார். ஒரு வெள்ளியும் ஓடல்ல. நீங்க மெயின நிப்பாட்டுறத நான் யோசிக்கல்ல. இப்ப நிப்பாட்டினா எல்லாம் போயிடும்."

"அப்ப இவ்வளவு நாளும் என்னத்தப் பாத்தீங்க?"

பள்ளியில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. ஹாஜியார் கையை எடுத்தார். சாவிக்கொத்தை மேசையில் வைத்தார்.

"எனக்கு ஜும்ஆ கடமை. நீங்க ரெண்டு பேரும் இங்கயே இரிங்க. வயர் வாசம் வந்தா நீங்களே நிப்பாட்டுங்க."

பாதி இறக்கிய ஷட்டருக்குள் மேசை விசிறியை டிஸ்க்கின் பக்கம் திருப்பி வைத்துக் காத்திருந்தார்கள். இடையில் சத்தம் நின்றது. றலியா டிஸ்க்கில் காதை வைத்தாள்; உள்ளே இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. மறுபடி கரகரத்தது.

தொழுகை முடிந்து ஹாஜியார் குனிந்து உள்ளே வந்தபோது கோடு நிரம்பியிருந்தது. கொஞ்ச நேரத்தில் டிஸ்க் தானாகவே அடங்கிவிட்டது. றலியா தன் லெப்டொப்பில் திறந்து காட்டிய புதிய பிரதியில் அவர் தன் பெயரைத் தட்டிப் பார்த்தார்.

"ஈக்குது" என்றார். பாராட்டவில்லை. பிறகு கேட்டார்: "இந்தத் தெருவில மத்தக் கடைகளுக்கும் வெள்ளி பகல்தானா வச்சீக்கிறீங்க?"

றலியா ஆமென்று தலையசைத்தாள்.

"அங்கயும் மெயின நிப்பாட்டிட்டுத்தான் பள்ளிக்கு வருவாங்க." கழற்றிய செருப்பை அவர் மறுபடி மாட்டினார். "நான் சென்னதாலதானே சேந்தாங்க. வாங்க, ஒவ்வொரு கடையா ஏறுவோம். என்கிட்டச் சென்னத அங்கயும் நீங்களே செல்லுங்க."