ஆனால் சார் கேட்ட கவிதை

1

மதிப்பிற்குரிய வாசகருக்கு வணக்கம். இந்தக் கதையை எழுதும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. என்னிடம் கேட்கப்பட்டது ஒரு வாழ்க்கைக் குறிப்பு. கவிஞராகவும் விமரிசகராகவும் சிற்றிதழ் ஒன்றின் ஆசிரியராகவும் இருக்கும் ஒருவரைப் பற்றி, சிறப்பு மலருக்காக, இரண்டு பக்கத்துக்கு மிகாமல். புகைப்படம் வாங்கச் சென்றபோது அவருடைய மனைவி சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்: "இவர் கவிதையை வேற ஒருத்தங்க படிக்க, இவரே தீர்ப்பு சொல்ல உட்கார்ந்திருந்தார், தெரியுமா?"

அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் கேட்பதற்குள் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறக்கப் போனவர் திரும்பி வந்தபோது கையில் புகைப்படம் இருந்தது, கதை இல்லை.

ஆகவே எனக்கு உறுதியாகத் தெரிந்தது அந்த ஒரு வாக்கியம் மட்டுமே. மற்றதெல்லாம் தெரிந்துகொள்ளும் ஆசையில் நானாகக் கட்டியது. பிழை பொறுத்தருள்க.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நவீனக் கவிதையின் வானில் ஒரு விடிவெள்ளியாக..."

(மன்னிக்கவும். வானத்தையும் வெள்ளியையும் நீக்கினேன். மீதம் 'ஒரு' மட்டும் இருந்தது.)

பிறகு: "அவர் பிறந்த வீட்டின் சன்னல் வழியே பார்த்தால்..."

(என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது.)

மூன்றாவது தொடக்கம் தேறும் என்று நம்புகிறேன். அவர் முதுகுக்குப் பின்னால் எழுத்தாளர்கள் அவரை 'ஆனால் சார்' என்று அழைத்தார்கள். அவருடைய மதிப்புரை எதுவும் இரண்டாம் பத்தியில் 'ஆனால்' என்ற சொல் இல்லாமல் அச்சேறியதில்லை. முதல் பத்தியில் பூரித்துப்போகும் கவிஞர்கள், அன்றைக்கு அத்தோடு இதழை மூடிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்களாம். இளமையில் மூன்று தொகுப்புகள் வெளியிட்டவர், பிறர் வரிகளைச் செப்பனிட்டுச் செப்பனிட்டே தம் வரிகளை மறந்துபோனார். பல ஆண்டுகளாக ஒரு கவிதையும் இல்லை.

இதழில் ஒரு வழக்கம் உண்டு. வரும் கவிதையின் அடியில் பெயர் இருக்கும் பகுதியை மடித்து ஒரு பின் அடித்துவிடுவார்கள். முடிவு சொன்ன பிறகுதான் பின்னைக் கழற்றுவார்கள். இந்த ஏற்பாட்டினால் அவர் இழந்த நண்பர்களின் எண்ணிக்கையைக் குறிப்பில் சேர்க்கலாமா என்று மலர்க்குழுவிடம் கேட்டேன். வேண்டாம் என்றார்கள்.

3

கண் அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய வாரம், அவர் அறியாமலேயே அவருக்குள் ஒரு கவிதை வந்தது. அவருடைய கையெழுத்தை அலுவலகமே அறியும் என்பதால் மனைவியைத் தட்டச்சு செய்யச் சொன்னார். அடியில் 'ஒரு வாசகர்' என்று மட்டும்.

"பேரைப் போட்டா என்னங்க? உங்க பத்திரிகைதானே?"

"பேரைப் பார்த்தா போட்டுடுவாங்க."

"அதுக்குத்தானே அனுப்பறோம்?"

"நல்லா இருக்கான்னு தெரியணும்."

"அதுக்கு நான் போதாதா?"

"நீ நல்லா இருக்குன்னு சொல்லிடுவியே."

"நான் எங்க சொன்னேன்?"

இது தேறாவிட்டால், சிறப்பு மலரில் தம் பெயருக்கு முன்னால் இருக்கும் 'கவிஞர்' என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்வது என்று அவர் முடிவு செய்திருந்தார். விமரிசகர், ஆசிரியர் என்ற இரண்டு சொற்களோடு காலத்தை ஓட்டிவிடலாம்.

4

அலுவலகம் ஒரு நகலகத்தின் மேல்மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடினால் மேலே கோப்பையில் தேநீர் நடுங்கும். படிக்கக்கூடாது என்று கண் மருத்துவர் சொல்லியிருந்ததால், ஆனால் சார் கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் சாய்ந்திருக்க, துணையாசிரியர் கவிதைகளை உரக்கப் படித்தார். முதலில் அவர் கருத்து, பிறகு இவர் முடிவு.

"அடுத்ததுக்குத் தலைப்பு இல்ல சார்."

"படிங்கம்மா."

*மின்தூக்கி நின்றுவிட்டது*
*இரண்டு மாடிகளுக்கு நடுவே.*
*யாரும் யாரையும் பார்க்கவில்லை.*
*ஒரு குழந்தை மட்டும்*
*எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்க்கிறது,*
*நான் ஒரு காலத்தில் கடவுளை அழைத்ததுபோல.*

"நல்லா இருக்கு சார்," என்றார் துணையாசிரியர்.

ஆனால் சார் காத்திருந்தார்.

"ஆனா..."

(இந்த இடத்தில் கீழே இயந்திரம் நின்றுபோனதாக எழுத ஆசைப்பட்டேன். மிகையாகப் பட்டது. அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.)

"கடைசி வரி உங்களைக் காப்பி அடிக்குது சார். உங்க கவிதையெல்லாம் கடைசியில ஒரு தடவை கண்ணாடி பார்த்துக்கும்ல, அதே வேலை."

"கண்ணாடி பார்த்துக்குமா?"

"கோவிச்சுக்காதீங்க. நீங்க பார்த்தா அழகா இருக்கு. இந்தப் பையன் பார்த்தா நல்லா இல்ல."

"பையன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"பயப்படறாரே. குழந்தையோட நிறுத்திட்டா யாருக்கும் புரியாதோன்னு பயம். இருபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்காது."

ஆனால் சார் சொன்னார்: "அந்த வரி இல்லாம ஒரு தடவை படிங்க."

படித்தார். குழந்தை பொத்தான்களை அழுத்தியது. அதோடு முடிந்தது. விமரிசகருக்கு, துணையாசிரியர் சொன்னது சரி என்று உடனே தெரிந்துவிட்டது. கவிஞருக்குச் சுருக்கென்றது. ஆசிரியருக்கோ இப்படிப்பட்ட துணையாசிரியர் வாய்த்ததில் பெருமை. மூவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான் சிரமம்.

"இப்படியே போட முடியாது சார். எழுதினவங்களைக் கேட்காம வரியை எடுக்கமாட்டோமே," என்றபடி துணையாசிரியர் பின்னைக் கழற்றினார். "ஒரு வாசகராம். போன் நம்பர்கூட இல்ல. இவரை விடக்கூடாது சார். பேசி, இன்னும் ரெண்டு கவிதை வாங்கணும். இவரால எழுத முடியும். உங்களுக்கு யாருன்னு தெரியுமா?"

5

இந்தத் துணையாசிரியர் மீது எனக்கு ஓர் ஐயம் உண்டு. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்குமோ? தெரிந்தேதான் பையன், பயம் என்றெல்லாம் சொன்னாரோ? அப்படி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். அவர் மிகவும் சாமர்த்தியசாலியாக, கொஞ்சமும் பிடிக்காதவராக ஆகிவிட்டார். ஆகவே அவருக்குத் தெரியாது. தாங்கள் இதில் என்னை நம்பலாம்.

6

முடிவுகள் இரண்டு எழுதினேன்.

முதலாவதில் அவர் "நான்தான்" என்கிறார். துணையாசிரியர் "ஐயையோ, சார்" என்று எழுந்து நிற்கிறார். கவிதை முதல் பக்கத்தில், கடைசி வரியோடு, அவர் பெயரில் வெளியாகிறது. வரியை எடுக்கலாமா என்று ஆசிரியரைக் கேட்கும் துணிவு யாருக்கும் வருவதில்லை. இரண்டு கவிதைகளைத் தர இருந்த அந்த இருபத்தைந்து வயதுக்காரரை அதன்பின் யாரும் தேடுவதில்லை.

இரண்டாவதில் "தெரியாது" என்கிறார். வீட்டுக்குப் போய், பயப்படாமல் நிறுத்தப் பழகுகிறார். நல்ல கவிதைகள் வருகின்றன. அவை எல்லாம் இல்லாத ஒருவருக்குச் சொந்தம். மலரில் 'கவிஞர்' என்ற சொல்லுக்கு இடமில்லை.

இரண்டையும் பலமுறை படித்தேன். ஒன்றைப் படிக்கும்போது மற்றதே சரி என்று தோன்றுகிறது.

துணையாசிரியர் பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார். "சொல்லுங்க சார், யாரு?"

ஆனால் சார் தொண்டையைச் செருமுகிறார்.

இதற்கு மேல் அந்த அறையில் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தாங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள். அன்புகூர்ந்து அவருக்காகச் சொல்லிவிடுங்கள்: அடுத்த கவிதையை யார் எழுதப் போகிறார்?