கல்குலசும் அரைப்பேரும்

எந் தம்பி கணேசமூர்த்தி அடுப்புப் பக்கம் குந்திக்கிட்டுப் படிச்ச காலம் இருக்கே, அதுக்கு ஈடா இன்னொரு காலம் எனக்கு வரவே இல்ல. அப்பா அம்மா போனப்புறம் நாங்க ரெண்டு பேருதான். தேயிலைத் தோட்டத்து லயத்துல ஒரே காம்பரா, சமையலும் படுக்கையும் அந்த ஒரு அறையிலதான். அவன் சத்தமாப் படிக்கிறதெல்லாம் எங் காதுலதான் விழும். கொட்டகலையிலருந்து பஸ்ஸேறி அட்டனுக்குப் போய்ப் படிச்சான். கடைசியில கல்குலசுன்னு ஒரு கணக்கு வந்துச்சு. "தலைமேல இருக்க நம்பர எறக்கி முன்னுக்குப் போடு, தலையில ஒண்ணக் கொறை"ன்னு சாமிப் பாட்டு மாதிரி சொல்லிக்கிட்டே இருப்பான். எனக்கே பாடமாப் போச்சு. கொழுந்தெடுக்கையில நான் அத முணுமுணுத்தா பக்கத்துல எடுக்குற வீரம்மா, "என்னாடி ராக்காயி, பேய் புடிச்சிருச்சா?"ம்பா. "எந் தம்பி கணக்குடி, ஒனக்கெங்க வெளங்கப் போவுது"ம்பேன்.

அறுபத்திரண்டுல கொழும்பு யுனிவர்சிட்டிக்கு எடம் கெடச்சுச்சு. எங்க தோட்டத்துலருந்து போன மொத ஆளு அவன்தான். தப்படிச்சு ஸ்டேசன் வரைக்கும் கூட்டிட்டுப் போனோம். "அங்கயும் கல்குலஸ்தானாம்க்கா, நான் படிச்சு முடிச்சதுதான்"னு சிரிச்சுக்கிட்டே ஏறுனான்.

மார்கழி லீவுக்கு வந்தான் பாருங்க, மூஞ்சியில ரத்தமே இல்ல. தேத்தண்ணி குடுத்தா அப்பிடியே ஆறிப்போவுது. மெதுவாச் சொல்றான்: "நான் திரும்பிப் போகலக்கா. தோட்டத்து ஆபீசுல கிளாக்கர் வேல காலியா இருக்கு. வாறேன்னு சொல்லிட்டேன்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ஏன்டா, அங்க சோறு போடலையா?"

"கல்குலஸ் முடியலக்கா. பரீட்சையில பாதிகூட வாங்கல."

"நீ படிச்சு முடிச்சதுதானடா?"

"இங்க எறக்கிப் போடுன்னாங்க, போட்டேன். அங்க ஏன் எறக்குற, நிரூபிச்சுக் காட்டுங்கிறாங்க. மொதல்ல தெரிஞ்சதுதானேன்னு கையக் கட்டி ஒக்காந்திருந்தேன். அப்புறம் பாடம் எங்க போவுதுன்னே புரியல. மத்தவனெல்லாம் மடமடன்னு எழுதுறான்."

பாதின்னதும் எனக்கு அரைப்பேருதான் தோணுச்சு. எங்க மலையில ஒரு ஆளு ஒரு நாளைக்கு இவ்வளவு கொழுந்து எடுக்கணும்னு உண்டு. கொறஞ்சா அரைப்பேருதான், அரைநாள் சம்பளம். ஆனா முக்காவாசி நாள் கொழுந்து கொறஞ்சு இல்ல. தராசுல நிக்கிறவன் ஈரத்துக்குன்னும் கூடைக்குன்னும் கழிச்சுத்தான் அரைப்பேர் விழும். அதுக்கு நான் போடுற சண்டை பக்கத்துத் தோட்டத்துக்கே கேக்கும்.

"எவன்டா ஒனக்கு அரைப்பேர் போட்டவன்? நான் வாரேன் கொழும்புக்கு. எந் தம்பிய மறுபடி நிறுத்துப் பாருய்யான்னு கேக்குறேன்!"

சிரிப்பான்னு பாத்தா அழுதுட்டான். "அவரு கழிக்கலக்கா. எங் கூடையிலதான் கொழுந்தில்ல."

நான் நம்பல. எந் தம்பியாவது, கணக்குல கொறையிறதாவது! லீவு முடிஞ்ச அன்னைக்குக் காலையில தீவாளிச் சீலையக் கட்டிக்கிட்டு, அவன் பெட்டியத் தலையில தூக்கி வச்சு நடந்தேன். "பெட்டியக் குடுக்கா, நான் போகலைன்னு சொல்றேன்ல"ன்னு பின்னாலயே ஓடியாரான். ரயில் வந்து நின்னதும் நான் ஏறி ஒக்காந்துட்டேன். சும்மா மெரட்டுறதுக்கில்ல, நெசமாவே போறதுக்குத்தான். அவனுக்கு எடுத்தேனே தவிர எனக்கு டிக்கட்கூட எடுக்கல.

"அக்கா, எறங்கு. மானத்த வாங்காத. நீ போய் சண்டை போட்டா நான் யாரு மூஞ்சியில முழிப்பேன்?"

"அப்ப நீ போய்க் கேளு. தெரியல, சொல்லிக் குடுங்கன்னு கேக்குறதுக்கு வாயில்லையா ஒனக்கு?"

கார்டு விசில் ஊதுனாரு. அவன் என்னையப் பாத்தான், பெட்டியப் பாத்தான். "கேக்குறேன்க்கா. தெரியலைன்னே சொல்லிக் கேக்குறேன். நீ எறங்கு"ன்னு என்னையக் கையப் புடிச்சு எறக்கிவிட்டுட்டு அவன் ஏறிக்கிட்டான்.

அந்தத் தீவாளிச் சீலையோடவே ஓட்டமா ஓடி மலைக்கு வந்தேன். காலைப் பெரட்டுல பேர் கூப்புட்டு வேலைக்கு ஆள் எடுத்து முடிச்சு வெகுநேரமாச்சு. மலையில வேல வாங்குற சோலைமலை கண்டாக்கையா, "இன்னைக்கு ஒனக்குப் பேரே இல்ல, அரைப்பேருகூடக் கெடையாது, வீட்டுக்குப் போ"ன்னுட்டாரு. மத்த நாளா இருந்தா மலை அதிரக் கத்தியிருப்பேன்.

"இல்லாட்டிப் போவுதுங்கய்யா, எந் தம்பி போயிட்டான்"னேன். சொல்லிட்டு, அத்தன பொம்பளைங்க முன்னாடி, நின்ன எடத்துலயே சந்தோசத்துல அழுதுட்டேன்.