பேச்சுக்கு அடுத்த பாட்டு

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. பல் கட்டும் பட்டறையில் அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு பல் செட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கரில் சவுண்டின் குரல் கேட்டது.

"நேத்து உன்கிட்ட எரிஞ்சு விழுந்தேன். தப்பு என் மேலதான். நேர்ல சொல்ல வாய் வரல. இந்தப் பாட்டைக் கேளு, கோவம் போயிடும்."

ஒரு நொடி அமைதி. அடுத்து, குழந்தைகள் கும்பலாகக் கைதட்டி ஒன்று, இரண்டு எண்ணுகிற பாட்டு தடதடவென்று தொடங்கியது.

அக்கா அடக்கிப் பார்த்து முடியாமல், கையிலிருந்த மெழுகை மேஜையில் போட்டுவிட்டுச் சிரித்தாள். தங்கைக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. ஆறு வருஷம் கழித்துக் கேட்கிற குரல்.

சவுண்டு அவளுக்குக் கணவனாக இருந்தவன். அரங்குகளில் மைக்கும் ஸ்பீக்கரும் கட்டுகிற வேலை, அதனால் அந்தப் பெயர். மற்றபடி சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாத ஆள். எதைக் கேட்டாலும் ஒரு 'ம்ம்', மிஞ்சிப்போனால் ஒரு தலையாட்டல். ஆனால் மைக் முன்னால் தனியாக உட்கார்ந்துவிட்டால் எங்கிருந்துதான் பேச்சு வருமோ! கல்யாணமான புதிதில் ஒரு நாள், பட்டறைக் கம்ப்யூட்டரில் ஆயிரத்துச் சொச்சம் பாட்டுகளை ஏற்றிக் கொடுத்தான். நடுநடுவே அவளுக்காகத் தன் பேச்சையும் பதிந்து சொருகியிருந்தான். பாட்டுகள் எப்படிக் கலைந்து வந்தாலும், பேச்சு வந்தால் அதற்குரிய பாட்டு பின்னாலேயே வரும்படி செய்திருந்தான். கை முழுக்க அச்சு மாவும் மெழுகுமாக இருப்பவள் எழுந்துபோய்ப் பாட்டு மாற்ற வேண்டாம் என்று சொன்னான். உண்மைக் காரணம் அவளுக்குத் தெரியும்.

பிறகு அவனுக்கு வேறு ஊரில் பெரிய அரங்கில் வேலை கிடைத்தது. அக்காவோடு பாடுபட்டு நிமிர்த்திய பட்டறையை விட்டு வர இவளுக்கு மனமில்லை. அவன் போக இவள் இருக்க, போன் பேச்சு மெலிந்து, கடைசியில் விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்தும் ஆயிற்று. சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம். அவன் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வீம்புக்கு, அவனிடம் சொல்லாமல், அந்தக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டாள். அதற்கப்புறம் தொடவில்லை.

போன வாரம்தான் அக்கா, "இப்படி ஊமைப் பட்டறைல உக்காந்து உக்காந்து, கட்டின பல்லெல்லாம் என்னைப் பாத்து இளிக்கிற மாதிரி இருக்குடி. ஏதாவது பாட்டுப் போடு" என்று பிடுங்கி எடுத்தாள். பழைய கம்ப்யூட்டர் ஒரு தடவை முனகிவிட்டு மூச்சை விட்டது. தெருமுனையில் செல்போன் பழுது பார்க்கும் பெண்தான் அதன் வயிற்றைக் கிழித்து, உள்ளே இருந்ததை மீட்டு ஒரு போனில் போட்டுக் கொடுத்தாள். பாட்டுகள் பிழைத்துவிட்டன. பெயர்கள் போய் வெறும் எண்கள்தான் மிச்சம். எந்தப் பேச்சு எந்தப் பாட்டைச் சேர்ந்தது என்று சொல்ல ஆளில்லை.

"எது எதோட சேரும்னு நீங்க எழுதிக் குடுங்கக்கா. ரெண்டையும் ஒண்ணா ஒட்டிடறேன். அப்புறம் எப்படிக் கலைச்சாலும் பிரியாது" என்றாள் அந்தப் பெண்.

பட்டறைக்கு வந்து அதைச் சொன்னதும், "எதுக்குக் கலைக்கணும்? பேச்சும் பாட்டுமா அடுக்கி வரிசையாவே கேட்டுட்டுப் போயேன்" என்றாள் அக்கா.

"அடுத்தது என்னன்னு தெரிஞ்சுட்டா, அவர் எடுத்துப் போடற மாதிரியே இருக்காதுக்கா." சொன்ன பிறகுதான் இவளுக்கே அது உறைத்தது. அக்கா மெருகேற்றும் சக்கரத்தை ஓடவிட்டாள்.

மதியச் சாப்பாட்டு வேளையில் இயர்போனை ஒரு காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்தாள். 'குடையை மறந்துட்டு வந்து என்னைத் திட்டினியே' என்ற பேச்சுக்கு எந்தப் பாட்டு என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'உங்கக்காவுக்கு இது பிடிக்காது, சத்தத்தைக் கூட்டி வை' என்பதும் அப்படித்தான். சில பேச்சுகளுக்கு ஐம்பது அறுபது பாட்டுகளைத் துழாவ வேண்டியிருந்தது. மூன்று வாரத்தில் நாற்பது ஜோடி சேர்ந்தது. இரண்டு பேச்சுகள் மட்டும் எதிலும் பொருந்தாமல் நின்றன.

இன்னொன்றும் இருந்தது. அது அவள் கேட்டே இராத பேச்சு.

"இதுக்கப்புறம் பாட்டு எதுவும் வைக்கல. வேலைக்கு வர்றேன்னு திங்கட்கிழமைக்குள்ள சொல்லணும். எனக்குப் போக இஷ்டமில்ல. போகாதீங்கன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா, போகமாட்டேன். அவ்ளோதான்."

அவள் காதிலிருந்து இயர்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். சாப்பாட்டு டப்பாவை மூடினாள். அவள் அணைப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் ஏற்றியிருக்க வேண்டும்; அணைத்துப் போட்ட கம்ப்யூட்டருக்குள் அது ஆறு வருஷமாக உட்கார்ந்திருந்திருக்கிறது. கேட்டும் வாய் திறக்காத கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துத்தான் அவன் பெட்டி கட்டியிருப்பான். இவளோ, இருக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டி கட்டுகிறானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு நாள் போனை எடுத்து எடுத்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா இல்லாத நேரம் பார்த்து, பட்டறையில் உட்கார்ந்து கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் கூப்பிட்டாள்.

"நான்தான்."

"தெரியுது. சொல்லும்மா."

அவள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரு சின்னக் குரல், "அப்பா, ஷூ மாட்டி விடு!" என்றது. "இதோ வரேண்டா தங்கம். அம்மாகிட்ட போ" என்று அவன் சொன்னது தெளிவாகக் கேட்டது.

அவள் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. அந்தப் பழைய பாட்டெல்லாம் மறுபடி கிடைச்சுது. ரெண்டுக்கு மட்டும் ஜோடி தெரியல. அதான்."

"எந்த ரெண்டு?"

சொன்னாள். யோசிக்கக்கூடச் செய்யாமல் இரண்டு பாட்டையும் சொன்னான், மெட்டை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக் காட்டினான். கல்யாணமாகி இருந்த நாளில்கூட அவன் இவளிடம் அப்படிப் பாடிக் காட்டியதில்லை. பிறகு கொஞ்சம் தயங்கி, "பேச்சு மொத்தம் நாப்பத்திமூணு இருக்கணும். எல்லாம் வந்துதா?" என்றான்.

"நாப்பத்திரெண்டுதான் இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அப்போவும் நாப்பத்திரெண்டுதானா?"

"நான் கேட்டதெல்லாம் அவ்ளோதாங்க."

"ஓ." ஒரு பெருமூச்சு. "அப்ப உனக்கு அது வரவே இல்ல."

"என்னது?"

"ஒண்ணுமில்லம்மா. பதியும்போது ஏதோ தப்பாயிருக்கும். நான்தான் வேற மாதிரி நினைச்சுட்டேன்." அவன் குரல் தளர்ந்திருந்தது, வருஷக்கணக்காகத் தூக்கிய எதையோ இறக்கி வைத்தவன் போல. "நல்லா இருக்கியா? அக்கா எப்படி?"

"நல்லா இருக்கோம். போங்க, குழந்தை காத்துட்டிருக்கு."

மறுநாள் குறித்து வைத்த தாளைக் கடைப் பெண்ணிடம் கொடுத்தாள். நாற்பத்திரண்டு ஜோடியும் ஒட்டப்பட்டு வந்தன. இப்போது பட்டறையில் எப்படிக் கலைந்து ஓடினாலும் பேச்சு தன் பாட்டைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறது. அக்காவும் கூடவே பாடிக் கெடுக்கிறாள்.

மிச்சமிருக்கும் ஒன்று அக்காவுக்குத் தெரியாது. அதை வேறு போனில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது எப்போதாவது கேட்கிறாள். 'அவ்ளோதான்' என்பதோடு அது முடிவதில்லை. பதிவை நிறுத்த மறந்துவிட்டான் போலிருக்கிறது. நாற்காலி நகர்கிறது, அவன் ஒரு தடவை இருமுகிறான். பிறகு அடுத்த அறையில் குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் விழும் சத்தம், அதற்கு மேல் ஒரு பெண் குரல், சுருதி சேராமல், எதையோ முணுமுணுத்துக்கொண்டு. அது தன் குரல்தான் என்று கண்டுபிடிக்க அவளுக்கு நாலைந்து தடவை கேட்க வேண்டியிருந்தது.